வரவேற்பறைப் பவளம் ஏன் வெளுத்தது?



சென்ற இதழில் நம் ஊர் மலைக்கோட்டை 1791இல் திப்பு சுல்தானின் கையிலிருந்து கும்பினிப் படையிடம் போன கதையை எழுதியிருந்தேன். இந்த இதழில் சுற்றுவட்டார ஏரிகளைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். மன்னிக்கவும், ஏரிகள் அடுத்த இதழுக்குப் போகின்றன. நீங்கள் தினமும் லிஃப்டுக்காக நிற்கும்போது பார்க்கும் அந்த மீன்தொட்டிதான் காரணம்.

ஏப்ரல் கடைசியில் நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். தொட்டியின் வலது மூலையில் பாறை மேல் ஒட்டியிருந்த சிவப்புப் பவளங்கள் ஐந்தும் வெளுத்து, பழைய துணி போல ஆகியிருந்தன. "செத்துப் போச்சு, எடுத்துப் போட்டுருங்க" என்று ஒருவர் எழுதினார். "கடையில கலர் மருந்து கிடைக்கும்" என்றார் இன்னொருவர். "இதை வைத்திருப்பதே சட்டப்படி குற்றமாமே, சங்கத்துக்குப் பிரச்சினை வராதா?" என்று மூன்றாமவர் கேட்டார். இரண்டாம் பிளாக்கைச் சேர்ந்த ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி மட்டும் நேரில் வந்து, "அங்கிள், அது செத்துடுச்சா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள்.

அவள் கேட்டதுதான் சரியான கேள்வி. உலகம் அதற்குப் பதில் கண்டுபிடிக்க இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அந்தப் பதில் நம் தமிழ்நாட்டுக் கடலோடும் சேர்ந்தது. கடல் நமக்குச் சுமார் 200 கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும், அதன் ஒரு துண்டு நம் வரவேற்பறையில் இருக்கிறது. அதனால் இந்தக் கதையை நீங்கள் தெரிந்துகொள்வது நல்லது. வரும் பொதுக்குழுவில் தொட்டியைப் பற்றி முடிவெடுக்கப் போவதும் நீங்கள்தானே.

நகைப் பவளம் வேறு, திட்டுப் பவளம் வேறு

பவளம் என்றதும் உங்களுக்கு நினைவுக்கு வருவது செவ்வாய்க்கு அணியும் மோதிரக் கல்லாக இருக்கலாம், பாட்டியின் பவள மாலையாக இருக்கலாம். தமிழர்களுக்கு அது மிகப் பழைய பழக்கம். சங்க நூல்களில் இதற்குத் துகிர் என்றும் பெயர். காவிரிப்பூம்பட்டினத்துக்கு வந்து குவிந்த பொருள்களின் பட்டியலில் பட்டினப்பாலை பவளத்தையும் சேர்க்கிறது. கி.பி. முதலாம் நூற்றாண்டில் பெயர் தெரியாத ஒரு கிரேக்க வணிகர் எழுதிய பெரிப்ளூஸ் என்ற கடல்வழிக் குறிப்பில், முசிறித் துறைமுகத்தில் வந்து இறங்கும் சரக்குகளில் பவளமும் உண்டு. அது மத்தியதரைக் கடலில் எடுத்த செம்பவளம். ரோமானியர் நம் முத்துக்கு எவ்வளவு ஆசைப்பட்டார்களோ, இந்தியர்கள் பவளத்துக்கு அவ்வளவு ஆசைப்பட்டார்கள் என்று அதே நூற்றாண்டில் பிளினி எழுதி வைத்தார்.

இங்கே ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். நகையில் பதிக்கும் செம்பவளத்தின் சிவப்பு அதன் எலும்பிலேயே கலந்திருக்கிறது. உயிர் போன பிறகும் அந்த நிறம் போகாது. அதனால்தான் பாட்டியின் மாலை இன்றும் சிவப்பாக இருக்கிறது. பவளத்திட்டு கட்டும் பவளங்கள் அப்படியில்லை. அவற்றின் எலும்பு வெறும் வெள்ளைச் சுண்ணாம்பு. நீங்கள் பார்க்கும் பழுப்பும் பச்சையும் ஊதாவும் அந்த எலும்புக்கு மேல் மெல்லிய தோல் போலப் படர்ந்திருக்கும் சதையில்தான் இருக்கின்றன. சதைக்கு ஏதாவது நேர்ந்தால் நிறம் போய்விடும்.

இராமேசுவரம் போய்வந்த நம்மில் பலர் வீட்டு ஷோகேஸில் வெள்ளையாக, கிளை கிளையாக ஒரு பவளம் இருக்கும். முன்பெல்லாம் அங்கே கடைகளில் சங்கு, சோழியோடு அதையும் விற்றார்கள். பவளத்தின் இயல்பான நிறம் வெள்ளை என்று நாம் நினைத்துக்கொள்வதற்கு அதுதான் காரணம். நம் ஷோகேஸில் இருப்பது எலும்புக்கூடு.

ஒரு பாத்திரம் கடல் நீரில் கிடைத்த பதில்

பவளம் கல்லா, செடியா, பிராணியா என்பதில் ஐரோப்பியருக்கு நெடுங்காலம் தெளிவில்லை. 1706இல் மார்சிக்லி என்ற இத்தாலியர் கடல் நீரில் வைத்த பவளக் கிளையில் சின்னச் சின்ன வெள்ளைப் பூக்கள் விரிவதைப் பார்த்து, பவளம் செடிதான் என்று முடிவு கட்டினார். 1720களில் மார்செய் நகர மருத்துவர் பேசொனெல் வட ஆப்பிரிக்கக் கரையில் அதே சோதனையைச் செய்தார். ஆனால் அவர் கூடுதலாக ஒன்று செய்தார். விரிந்த 'பூ'வைத் தொட்டுப் பார்த்தார். அது சட்டென்று உள்ளே இழுத்துக்கொண்டது. பூ அப்படிச் செய்யாது, எனவே இது பிராணி என்று அவர் பாரிஸ் அறிவியல் கழகத்துக்கு எழுதினார்.

அங்கே யாரும் நம்பவில்லை. அவருக்குச் சங்கடம் வரக்கூடாது என்று, அவர் பெயரைச் சொல்லாமலே அக்கருத்தைச் சபையில் வைத்தார் ரோமூர் என்ற பெரிய விஞ்ஞானி. வேறு ஆய்வாளர்களும் அதையே கண்டுபிடித்த பிறகு, 1750களில் லண்டன் ராயல் சொசைட்டி அவர் எழுதியதை வெளியிட்டது. கிட்டத்தட்ட கால் நூற்றாண்டு அவர் காத்திருக்க வேண்டியிருந்தது.

பேசொனெல் கடலுக்குள் மூழ்கிப் பார்க்கவில்லை. ஒரு பாத்திரத்தில் கடல் நீர் ஊற்றி, அதில் வைத்துப் பார்த்தார். மீன்தொட்டியின் தாத்தா என்று அந்தப் பாத்திரத்தைச் சொல்லலாம். இந்தக் கதையில் இனி வரும் பல கண்டுபிடிப்புகளும் தொட்டியிலிருந்தே வருகின்றன.

வாடகைக்குக் குடியிருக்கும் பாசி

பவளம் பிராணி என்றால் அதற்கு நிறம் எங்கிருந்து வந்தது? 1881இல் ஜெர்மானிய உயிரியலாளர் கார்ல் பிராண்ட், கடல் பிராணிகள் சிலவற்றின் உடலுக்குள் தெரிந்த மஞ்சள் உருண்டைகள் அந்தப் பிராணியின் பாகம் அல்ல, உள்ளே குடியிருக்கும் தனி உயிர்கள் என்று காட்டினார். அவற்றுக்கு சூசாந்தெல்லா என்று பெயரிட்டார். அவை கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல் பாசிகள். பவளத்தின் சதையில் ஒரு சதுர சென்டிமீட்டருக்குப் பத்து லட்சத்துக்கும் மேல் இருக்கும்.

அடுக்குமாடியில் இருக்கும் நமக்கு இந்த ஏற்பாடு எளிதில் புரியும். பவளம் வீட்டுச் சொந்தக்காரர், பாசி வாடகைக்கு இருப்பவர். சொந்தக்காரர் இடமும் பாதுகாப்பும் தருகிறார். அவர் கழிவாக வெளியேற்றும் நைட்ரஜனே பாசிக்கு உரம். பாசி வெளிச்சத்தில் சர்க்கரை தயாரித்து, அதில் பெரும்பகுதியை வாடகையாகக் கொடுத்துவிடுகிறது. பவளத்தின் பழுப்பு நிறம் இந்தப் பாசியின் நிறம்தான்.

இந்த உறவு முறிந்தால் என்ன ஆகும் என்பதை 1928-29இல் ஆஸ்திரேலியாவின் பெருந்தடைப் பவளத்திட்டுக்குப் போன பிரிட்டிஷ் ஆய்வுக் குழு பார்த்தது. குழுத் தலைவர் மாரிஸ் யாங் அப்போது முப்பது வயதுகூட ஆகாதவர். லோ தீவுகளில் ஓராண்டுக்கு மேல் தங்கி, தொட்டிகளில் பவளங்களை வைத்து, சிலவற்றை இருட்டில் மூடினார்கள், சிலவற்றுக்குச் சூடேற்றினார்கள். சூடு கூடியபோது பவளம் தன் பாசியை வெளியே தள்ளியது. நிறம் போயிற்று, ஆனால் சதை உயிரோடு இருந்தது. யாங், நிக்கல்ஸ் இருவரும் 1931இல் இதை எழுதி வெளியிட்டார்கள்.

நம் பிள்ளையின் கேள்விக்குப் பதில் இங்கேதான் கிடைக்கிறது. வெளுப்பு சாவு அல்ல. குடியிருந்தவர் வீட்டைக் காலி செய்த நிலை அது. வாடகை நின்றுவிட்டதால் சொந்தக்காரர் பட்டினி கிடக்கிறார். சில வாரங்களில் நிலைமை சீரானால் மிச்சமிருக்கும் பாசி பெருகி நிறம் திரும்பும். சீராகாவிட்டால் பட்டினியில் பவளம் செத்துவிடும். அந்தச் சில வாரங்களுக்குள் நாம் என்ன செய்கிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

நம் கடலில் நடந்தது

நம் பக்கத்துக் கதையையும் கேளுங்கள். 1885இல் சென்னை அருங்காட்சியகப் பொறுப்பேற்ற எட்கர் தர்ஸ்டன், தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி 1909இல் வந்த ஏழு தொகுதி நூலால் நமக்குத் தெரிந்தவர். ஆனால் அதற்கு வெகு முன்பே அவர் தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் போய், முத்துக் குளிப்பு, சங்குக் குளிப்போடு மன்னார் வளைகுடாவின் பவளங்களையும் பார்த்து எழுதினார். அதே 1909இல் சென்னை மெரினாவில் பொதுமக்களுக்கான கடல்மீன் காட்சியகம் திறந்தது. இரண்டாம் உலகப் போரின்போது 1942இல் அது மூடப்பட்டது. மண்டபத்துக்கு மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் வந்த பிறகு, கோபிநாத பிள்ளை என்ற விஞ்ஞானி நம் பவள இனங்களை ஒவ்வொன்றாக இனம் கண்டு பட்டியலிட்டார்.

ஒரு பக்கம் பட்டியல் வளர்ந்தது, மறு பக்கம் திட்டு கரைந்தது. பவளக் கல்லைக் கடப்பாரையால் பெயர்த்து, படகில் ஏற்றி, சுண்ணாம்புக்கும் கால்சியம் கார்பைடு ஆலைக்கும் கட்டடத்துக்கும் கொண்டு போனார்கள். 1964 புயலில் அழிந்த தனுஷ்கோடியில் இன்றும் நிற்கும் தேவாலயச் சுவரைக் கிட்டப் போய்ப் பார்த்தால் பவளக் கல் தெரியும். கல் எடுத்தவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. கரையில் வேறு கல் இல்லை, வேறு வேலையும் அதிகம் இல்லை. ஆனால் விலை பெரிது. கீழக்கரை அருகே பூவரசன்பட்டி, தூத்துக்குடி அருகே விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்கடியில் போய்விட்டன. 21 தீவுகள் என்று கணக்கு எழுதி 1986இல் தேசியப் பூங்கா அறிவித்தோம். இன்று தண்ணீருக்கு மேல் தெரிவது 19தான்.

பவளக் கல் எடுப்பது 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகுதான் நின்றது. அதற்குள் வேறொரு ஆபத்து வந்துவிட்டது. 1998இல் உலகக் கடல்கள் சூடானபோது மன்னார் வளைகுடாப் பவளங்கள் பெருமளவில் வெளுத்தன. 2010இல் மறுபடி, 2016இல் மறுபடி. 2016 கோடைக்குப் பிறகு அங்கே உயிர்ப் பவளத்தின் பரப்பு சுமார் 39 சதவீதத்திலிருந்து 23 சதவீதத்துக்கு அருகே இறங்கியது. கடல் நீர் 30 பாகை செல்சியஸைத் தாண்டி நீடிக்கும் ஏப்ரல் முதல் ஜூன் வரைதான் அங்கே ஆபத்துக் காலம். தென்மேற்குக் காற்று வந்து நீர் குளிர்ந்தால் தப்பியவை நிறம் திரும்பும். 2024 ஏப்ரலில், உலக அளவிலான நான்காவது வெளுப்பு நடந்துகொண்டிருக்கிறது என்று விஞ்ஞானிகள் அறிவித்தார்கள்.

இதில் நல்ல செய்தியும் உண்டு. தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிறுவனத்தார் 2002 முதல் பவளத்தை நட்டு வளர்க்கிறார்கள். நலமாக இருக்கும் பவளத்திலிருந்து சிறு துண்டுகளை எடுத்து, சிமெண்டுப் பலகையில் கட்டி, சட்டத்தில் வைத்துக் கடலடியில் இறக்குகிறார்கள். செம்பருத்திக் குச்சி ஒடித்து நடுவது போலத்தான். கரைந்துகொண்டிருந்த வான் தீவைச் சுற்றிச் சிமெண்டுச் செயற்கைத் திட்டுகளை இறக்கியதில் அலையின் வேகம் குறைந்தது, தீவும் தப்பிப் பிழைத்திருக்கிறது.

மாஸ்கோ தொட்டியில் கிடைத்த சிவப்பு

இனி நம் தொட்டிக்கு வருவோம். உயிருள்ள பவளத்தை வீட்டில் வளர்க்க முடியும் என்பதே அறுபது ஆண்டுக்கு முந்தைய செய்திதான். ஜகார்த்தாவில் லீ சின் எங் என்பவர், பெரிய வடிகட்டி எதுவும் இல்லாமல், கடலிலிருந்து எடுத்த உயிர்ப்பாறையும் காற்றுக் குமிழும் வெயிலும் வைத்தே தன் தொட்டியில் பவளங்களை வாழவைத்தார். 1961இல் அதை ஒரு மீன் வளர்ப்போர் இதழில் எழுதினார். பிறகு ஜெர்மனியின் பெர்லினில் ஆர்வலர்கள் அதை மேலும் வளர்த்து, பவளத்தைத் துண்டு போட்டுப் பகிர்ந்துகொள்ளும் பழக்கத்தைக் கொண்டு வந்தார்கள்.

பாசியின் பழுப்பு சரி, பச்சையும் சிவப்பும் எங்கிருந்து வந்தன? பல பவளங்களில் அவை பவளமே தயாரிக்கும் ஒளிரும் புரதங்கள். ஜெல்லிமீனில் பச்சைப் புரதத்தை ஒசாமு ஷிமோமுரா 1962இலேயே கண்டுபிடித்திருந்தார். ஆனால் சிவப்பு கிடைக்கவில்லை. 1999இல் ரஷ்ய விஞ்ஞானிகள் அதைக் கண்டுபிடித்தார்கள். அவர்கள் தேடிப் போனது ஆழ்கடலுக்கு அல்ல, மாஸ்கோவில் மீன்தொட்டிகளில் வளர்ந்த பவளங்களிடம். டிஸ்கோசோமா என்ற சிவப்புக் காளான் பவளத்தில் அது கிடைத்தது. இன்று புற்றுநோய்ச் செல்லைக் கண்காணிக்கவும் நரம்பின் வழியைப் பார்க்கவும் ஆய்வகங்களில் இத்தகைய ஒளிரும் புரதங்கள் பயன்படுகின்றன. பச்சைப் புரதத்துக்காக 2008இல் வேதியியல் நோபல் பரிசு ஷிமோமுராவுக்கும் வேறு இருவருக்கும் கிடைத்தது.

நம் வரவேற்பறையில் வெளுத்த பவளமும் அந்த டிஸ்கோசோமா வகைதான் என்று நாங்கள் இனம் கண்டோம். அதை எப்படிக் கண்டோம் என்பதை இனி சொல்கிறேன். உங்களில் யாராவது வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்திருந்தால் உதவும்.

முதலில் இனம் காண்பது

நிறத்தை வைத்து இனம் காணாதீர்கள். போனதே நிறம்தானே. உருவத்தைப் பாருங்கள்.

ஒன்று, கீழே கல் எலும்பு இருக்கிறதா? சதை சுருங்கும்போது வெள்ளையாக வரிவரியாக எலும்பு விளிம்பு தெரிந்தால் அது கல் பவளம். நம்முடையதில் எலும்பே இல்லை. தட்டையான வட்டம், நடுவில் ஒரே வாய், குட்டையான தண்டு. காளான் போலவே இருக்கும்.

இரண்டு, விளிம்பில் கண்ணிமை போல நீளமான கொடுக்குகள் வரிசையாக இருந்தால் அது பொத்தான் பவளமாக இருக்கலாம். அவற்றில் சிலவற்றுக்குக் கடுமையான நஞ்சு உண்டு. வெறுங்கையால் தொடாதீர்கள், பாறையைத் தேய்த்துக் கழுவாதீர்கள், வெந்நீர் ஊற்றாதீர்கள். நம்முடையது அந்த வகை அல்ல. இருந்தாலும் பிள்ளைகள் தொட்டிக்குள் கை விடாதபடி மூடிக்குப் பூட்டுப் போட்டாகிவிட்டது.

மூன்று, உயிர் இருக்கிறதா? எலும்பின் மேல் பச்சைப் பாசி படர்ந்தால் அந்த இடம் செத்துவிட்டது. சதை கூழாகிக் கரைந்து நாற்றம் அடித்தாலும் அப்படியே. நம்முடையவை வெளுத்திருந்தாலும் காலையில் விரிந்து, விளக்கு அணைந்ததும் சுருங்கின. அந்தப் பிள்ளைதான் மூன்று நாள் நோட்டில் குறித்து வந்து காட்டினாள். பேசொனெல் செய்த அதே சோதனை, அவளுக்கு அவர் பெயர் தெரியாது.

இந்த இனம் காணல் சட்டத்துக்கும் முக்கியம். 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001இல் கல் பவளங்கள் அனைத்தும், கருப்புப் பவளம், குழல் பவளம், நெருப்புப் பவளம், கடல் விசிறி ஆகியவையும் சேர்க்கப்பட்டன. புலிக்கு உள்ள அதே அட்டவணை. நம் கடலிலிருந்து அவற்றை எடுப்பதும் விற்பதும் வாங்குவதும் குற்றம். காளான் பவளம் அந்த ஐந்து வகையிலும் சேராது. இருந்தாலும் தொட்டியை நமக்குக் கொடுத்துவிட்டுப் போன குடியிருப்பாளரிடம் கடை ரசீதை வாங்கிச் சங்கக் கோப்பில் வைத்திருக்கிறோம். உங்கள் ஷோகேஸில் உள்ள வெள்ளைப் பவளத்தை விற்கவோ பிறருக்குக் கொடுக்கவோ வேண்டாம். சந்தேகம் இருந்தால் வனத்துறையிடமே கேளுங்கள்.

பிறகு நிறத்தைத் திருப்புவது

நிறம் போகக் காரணம் என்ன என்று தேடினோம். வேறு யாரையும் குற்றம் சொல்ல வழியில்லை, நாமே மூன்று தவறு செய்திருந்தோம்.

முதல் தவறு வெளிச்சம். மார்ச் மாதத்தில் "தொட்டி டல்லாக இருக்கிறது" என்று செயற்குழுவில் சொல்லிப் பளீரென்ற எல்.இ.டி. விளக்கு மாட்டியது நான்தான். காளான் பவளம் மங்கலான வெளிச்சத்தில் வாழும் வகை. அதிக வெளிச்சமும் பாசியைத் துரத்தும்.

இரண்டாவது சூடு. விளக்கும் மூடிய வரவேற்பறையும் சேர்ந்து, மதியம் மூன்று மணிக்குத் தண்ணீர் 31 பாகை காட்டியது. மன்னார் வளைகுடாவைக் கொல்லும் அதே சூடு, நம் லிஃப்டுக்குப் பக்கத்தில்.

மூன்றாவது உப்பு. தண்ணீர் ஆவியானால் உப்பு ஆவியாகாது. குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். நாமோ ஒவ்வொரு முறையும் உப்புக் கரைசலையே ஊற்றியிருக்கிறோம். ஒப்படர்த்தி 1.025 இருக்க வேண்டிய இடத்தில் 1.029 இருந்தது.

இவற்றைச் சரிசெய்தது இப்படி. விளக்கின் அளவைப் பாதியாகக் குறைத்து, பவளங்கள் இருந்த பாறையை நிழல் விழும் அடிப்பகுதிக்கு மாற்றினோம். விலை அதிகமான குளிரூட்டும் கருவி வாங்கவில்லை. கணினிக்கு வைக்கும் சிறு விசிறிகள் இரண்டை நீர்ப்பரப்பின் மேல் காற்று படும்படி வைத்தோம். மண்பானைத் தண்ணீர் குளிர்வது போல, ஆவியாவதால் தொட்டித் தண்ணீரும் குளிர்ந்து 27 பாகைக்கு வந்தது. விசிறியால் நீர் சீக்கிரம் குறையும் என்பதால் தினமும் ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றுகிறோம். நம் போர்வெல் தண்ணீர் கடினமானது, அதை நேரடியாக ஊற்றவே கூடாது. உப்பை ஒரே நாளில் இறக்கவில்லை. பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினோம், திடீர் மாற்றமும் பவளத்துக்கு ஒரு அடிதான்.

பட்டினி கிடக்கும் சொந்தக்காரருக்குக் கையால் சோறு போட வேண்டும் அல்லவா? வாரம் இரு முறை, பொடியாக நறுக்கிய உறைய வைத்த இறாலைச் சிறு குழாயால் ஒவ்வொன்றின் வாயருகே விட்டோம். அளவு மிக முக்கியம். மிச்சம் அழுகினால் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் ஏறும், பாசி அளவுக்கு மீறிப் பெருகிப் பவளம் அழுக்குப் பழுப்பாகிவிடும். அவை அடியோடு இல்லாமல் போனாலும் பாசி பட்டினியாகி வெளுக்கும். இரண்டுக்கும் நடுவே வைத்திருப்பதுதான் பராமரிப்பு.

கலர் மருந்து எதுவும் வாங்கவில்லை. வெளியிலிருந்து ஊற்றி வர அது சாயம் அல்ல. பாசி தானாகக் குடியேற வேண்டும், புரதத்தைப் பவளம் தானாகத் தயாரிக்க வேண்டும். நாம் செய்யக்கூடியது வீட்டைச் சரியாக வைத்திருப்பது மட்டுமே.

2020இல் இங்கிலாந்தின் சவுதாம்ப்டன் பல்கலைக்கழகத்தார் தங்கள் ஆய்வகத் தொட்டிகளில் ஒன்றைக் கண்டார்கள். லேசாக அடிபட்ட சில பவளங்கள் பாசி போன பிறகு வெள்ளையாகாமல், முன்னைவிடப் பளிச்சென்ற நிறத்தில் ஒளிரும் புரதத்தைத் தயாரிக்கின்றன. கண்ணைக் கூசும் வெளிச்சத்துக்கு எதிராக அது இழுத்துக்கொள்ளும் திரைச்சீலை. அந்த நிழலில் பாசி மறுபடி குடியேறுகிறது. எனவே உங்கள் தொட்டியில் ஒரு பவளம் திடீரென்று மிக அழகாக ஒளிர்ந்தால் உடனே மகிழ்ந்துவிடாதீர்கள். தண்ணீரைச் சோதியுங்கள்.

ஐந்தில் நான்கு

முதல் நான்கு வாரம் எந்த மாற்றமும் இல்லை. குழுவில் கேலிப் படங்கள் வந்தன, நானும் ரசித்தேன். ஐந்தாம் வாரம் ஒன்றின் விளிம்பில் தேநீர்க் கறை போல லேசான பழுப்பு தெரிந்தது. அதைப் பார்த்துப் பலர் "அழுகுது" என்றார்கள். உண்மையில் குடியிருப்போர் திரும்பி வந்ததன் அடையாளம் அது. பத்தாம் வாரத்தில் பழுப்பின் மேல் சிவப்பு ஏறியது. இன்று நான்கு பவளங்கள் ஏறக்குறைய பழைய நிறத்துக்கு வந்துவிட்டன. ஐந்தாவது வரவில்லை. ஒரு நாள் காலையில் அது கரைந்து போயிருந்தது. தினமும் குறிப்பெடுத்த பிள்ளையிடம் அதை நான்தான் சொன்னேன். "அதுக்கு லேட்டா ஆரம்பிச்சுட்டோம்" என்றாள். மறுத்துச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

பொதுக்குழுவுக்கு என் பரிந்துரை மூன்று. இருக்கும் தொட்டியை வைத்துக்கொள்வோம், ஆனால் புதிதாகக் கடல் பவளம் எதுவும் வாங்க வேண்டாம். பெருகினால் துண்டு போட்டு வளர்ப்போம். வெப்பம், உப்பு இரண்டையும் தினமும் எழுதும் நோட்டு ஒன்று செக்யூரிட்டி மேஜையில் இருக்கட்டும், எழுதும் பொறுப்பைப் பிள்ளைகளிடம் விடலாம். மின்சாரம் போனால் காற்று நிற்காதபடி பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்று வாங்குவோம்.

நம் தொட்டியில் சூடு ஏறியபோது விளக்கைக் குறைத்தோம், விசிறி வைத்தோம். மன்னார் வளைகுடாவுக்கு மேல் அப்படி ஒரு சுவிட்ச் இல்லை. நம் தொட்டியைச் சூடாக்கியது மூன்று மாதத்தில் நாம் செய்த தவறு, கடலைச் சூடாக்கியது நூறாண்டுக்கு மேலாக எல்லோரும் எரித்த நிலக்கரியும் எண்ணெயும். ஆலைகள் சூழ்ந்த ஓசூர்ப் பக்கத்தில் பிழைப்பு நடத்தும் நமக்கு அதில் பங்கில்லை என்று சொல்லிக்கொள்ள முடியாது. மொட்டை மாடி சோலார் திட்டம் இரண்டு ஆண்டாகப் பொதுக்குழுவில் கிடப்பில் இருக்கிறது. அதைக் கையில் எடுக்கும்போது வரவேற்பறையில் ஒரு நிமிடம் நின்று, அந்த நான்கையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

அடுத்த இதழில் கண்டிப்பாக ஏரிகள்.